ஊர் சுற்றிய குத்துகள்

ஜெகோ திங்கட்கிழமை மாலை விட்ட இடது குத்து, புதன்கிழமை காலை எலித்சாவின் சிவப்புக் கோழியைக் கொன்றது. கோழி அந்த நேரத்தில் வேலியோரம் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தது. ஜெகோ நான்கு தெரு தள்ளி, மிளகாயை டப்பாவில் அடைக்கும் தொழிற்சாலையில் குடைமிளகாய்க் கூடைகளுக்கு நடுவே தூங்கிக்கொண்டிருந்தான். எங்கள் ஊரான டோல்னி வர்பனில் அந்த ஆண்டு மிளகாய் விளைச்சல் நன்றாக இருந்ததால் எல்லோரும் அதைப் பற்றிப் பேசி முடித்த பிறகுதான் கோழியைப் பற்றிப் பேச்சு வந்தது.

அந்தக் குத்து பென்யோவின் வாய்க்கென்று விடப்பட்டது. பென்யோ தலையை விலக்கிக்கொண்டான். போய்ச் சேர இடமில்லாத குத்து பயிற்சிக்கூடத்தின் ஜன்னல் வழியாக வெளியேறி, இரண்டு நாள் டான்யூப் கரையோரம் அலைந்துவிட்டு, முதலில் எதிர்ப்பட்ட உயிரின்மேல் இறங்கியது. அதற்கு முன்பே தபால் நிலையக் கடிகாரம் நின்றுபோயிருந்தது. பள்ளிக்கூடத்துச் சுவரில் கைமுட்டி அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தது. சதுக்கத்தில் குதிரைமேல் உட்கார்ந்திருந்த வெண்கல வீரர் மூக்கை இழந்திருந்தார். எல்லாம் ஜெகோவின் குத்துகள்தாம். ஆனால் ஜெகோ மாவட்டக் குத்துச்சண்டைச் சாம்பியன். எங்கள் ஊரில் சாம்பியன் குறி தவறுவதில்லை. எதிரே நிற்கிறவன்தான் மரியாதையில்லாமல் நகர்ந்துவிடுகிறான். மூக்கில்லாத வீரரைக் கடக்கும்போதெல்லாம் மக்கள் பென்யோவைத் திட்டினார்கள்.

பென்யோ கல்யாண வீடுகளில் கிளாரினெட் வாசிப்பவன், மற்ற நாட்களில் தொழிற்சாலையில் டப்பா அடுக்குபவன். யார் எதைக் கேட்டாலும் மறுக்கத் தெரியாதவன். எங்கள் பக்கத்தில் தலையைப் பக்கவாட்டில் ஆட்டினால் சம்மதம், மேலும் கீழும் ஆட்டினால் முடியாது என்று பொருள். பென்யோவின் தலை மேலும் கீழும் ஆடியதை யாரும் பார்த்ததில்லை. ஏணி இரவல் கேட்டாலும், செத்த நாயைப் புதைக்கக் கூப்பிட்டாலும், கூலியில்லாமல் இரண்டாம் ஷிப்டு பார்க்கச் சொன்னாலும் அது பக்கவாட்டில்தான் ஆடியது. தொழிற்சாலையின் ஒவ்வொரு பிரிவும் குத்துச்சண்டைக்கு ஓர் ஆளை அனுப்ப வேண்டும் என்று உத்தரவு வந்தபோது டப்பாப் பிரிவு யோசிக்காமல் பென்யோவைக் காட்டியது. இவனும் தலையாட்டினான். சிறுவயது முதல் சம்மதித்துச் சம்மதித்துப் பழகிய அந்தக் கழுத்தை எந்தக் கைமுட்டியாலும் தொட முடியவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. அவனுக்கு ஜெயிக்கும் ஆசையெல்லாம் இல்லை. முன்பற்கள் போகாமல் இருந்தால் போதும். முன்பல் இல்லாதவன் ஊதினால் கிளாரினெட் வாத்துபோலக் கத்தும். வாத்துச் சத்தத்துக்கு எந்த மணப்பெண்ணும் ஆடமாட்டாள்.

கோழி செத்த அன்று எலித்சா அதைக் காலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு தொழிற்சாலை வாசலுக்கு வந்தாள்.

"டேய் தலையாட்டி, வாங்கிக்கிட்டா என்னடா? உன் மூஞ்சி என்ன என் கோழியவிட ஒசத்தியா?"

வாசலில் நின்றவர்கள் சிரித்தார்கள். பென்யோ அதற்கும் தலையாட்டினான்.

மேனேஜர் மிலுஷெவ் அவனை அறைக்குக் கூப்பிட்டார். எல்லா விஷயத்திலும் தாங்கள் நியாயத்தின் பக்கம் நிற்பதாக நம்பிய மனிதர்களால்தான் எங்கள் ஊர் நிரம்பியிருந்தது. அவர்களில் பெரிய நாற்காலி அவருடையது.

"செப்டம்பர் விழாவுக்கு மாவட்டத்துலேர்ந்து பெரியவங்க வர்றாங்க. நீயும் ஜெகோவும் மோதறீங்க. அன்னைக்கு நீ ஆடாம அசையாம நின்னு வாங்கிக்கணும். இன்னொரு குத்து வெளிய போச்சுன்னா நீ நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போற. புரியுதா?"

பென்யோவின் தலை பக்கவாட்டில் ஆடியது. தன் பற்களைத் தானே கொடுத்துவிட்டோம் என்பது அவனுக்குப் படியிறங்கும்போதுதான் உறைத்தது.

அவன் மனைவி தென்கா அடுப்பில் மிளகாய் சுட்டுக்கொண்டிருந்தாள். முழுவதையும் கேட்டுவிட்டு, கருகிய தோலை உரித்தபடியே சொன்னாள்: "பல்லக் கேட்டான், குடுத்துட்ட. நாளைக்கு என்னயே கேட்டா?"

பென்யோவின் கழுத்து பக்கவாட்டில் அசையப் பார்த்தது.

"தலைய மட்டும் ஆட்டிராத," என்றாள் தென்கா. "அடி வருது, நீ சரிங்கன்னு விலகி அந்தாண்ட ஓடிடற. வந்ததுக்குப் பதில் சொல்ல ஆளில்ல. அது ஊரச் சுத்தாம என்ன செய்யும்? தலைய எடு, கால எடுக்காத. நின்ன எடத்துல நின்னு பதில் சொல்லி அனுப்பு."

பயிற்சி சமையலறையில் நடந்தது. தென்கா ஈரத் துண்டை முறுக்கி அவன் முகத்துக்கு வீசுவாள், வீசும்போதே ஏதாவது கேட்பாள். "என் தம்பி குளிர்காலம் முழுக்க நம்ம வீட்லயே தங்கட்டுமா?" பென்யோவின் தலை பக்கவாட்டில் போகும், துண்டின் அடி அவனைத் தாண்டிப் போய்ப் பக்கத்து வீட்டு ஊறுகாய் ஜாடியை உடைக்கும். "உன் கிளாரினெட்ட வித்துரட்டுமா?" இன்னொரு ஜாடி. விலகுவது அவனுக்குப் பிறவியிலேயே வந்திருந்தது, திரும்புவதுதான் வரவில்லை. விலகிய தலையோடு உடம்பின் பாரம் வலக்காலில் போய் உட்கார்ந்துகொள்ளும். அந்தப் பாரத்தை உடனே முன்னால் கொண்டுவந்து, தாடையை நெஞ்சுக்கு இறக்கி, அதோடு வலக்கையையும் விட வேண்டும். எதிராளியின் கை இன்னும் வீடு திரும்பாத நேரத்தில் போய்ச் சேர வேண்டும். தாடையை இறக்குவது மறுப்பின் பாதி என்பதால் பென்யோவின் கழுத்து துருப்பிடித்த கப்பிபோலக் கிறீச்சிட்டது. தெருவில் போனவர்கள் தென்கா கட்டிலை நகர்த்துவதாக நினைத்துக்கொண்டார்கள்.

பக்கத்து வீட்டில் ஜாடிகள் தீர்ந்துபோன வாரத்தில், தம்பியைப் பற்றி மறுபடியும் கேட்டுத் துண்டை வீசினாள் தென்கா. பென்யோவின் தலை விலகியது, நின்றது, பிறகு மேலும் கீழும் ஆடியது. வலக்கை அவள் தோளருகே வந்து நின்றது. துண்டு பாதி வழியில் உயிர்போய்த் தரையில் விழுந்தது. தம்பி உண்மையிலேயே வருவதாகத்தான் இருந்தான். அந்தக் குளிர்காலம் அவன் வரவில்லை.

விழா நாளில் மொத்த ஊரும் டப்பாக் கூடத்தில் கூடியது. பென்யோவின் பற்கள் எத்தனை விழும் என்று ராக்கியா சாராயம் வைத்துப் பந்தயம் நடந்தது. எலித்சா முன்வரிசையில் சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தாள். ஜெகோ கயிற்றில் சாய்ந்து சொன்னான்: "என்னடா தலையாட்டி, கடைசியா ஒரு தடவ சிரிச்சுக்க. அப்புறம் கஞ்சிதான்."

மிலுஷெவ் மேடையோரம் வந்து மெதுவாக, "ஆடாம நிப்பல்ல?" என்றார்.

பென்யோ தலையை மேலும் கீழும் ஆட்டினான்.

கூடத்தில் விதை கொறிக்கும் சத்தம் நின்றது. மிலுஷெவ் அது ஏதோ சுளுக்கு என்று எண்ணிப் போய் உட்கார்ந்துகொண்டார்.

ஜெகோ இடது கையை விட்டான். ஊரே ஜன்னலைப் பார்த்தது. பென்யோவின் தலை ஒரு காது அகலம் விலகியது, கால் அசையவில்லை. பிறகு தாடை இறங்கியது. அவன் வலக்கை, நீட்டிய கைக்கு மேலாகப் போய் ஜெகோவின் வாயில் பதிந்தது. இடது குத்து ஜன்னல்வரைகூடப் போகவில்லை. ஈரத் துணிபோலப் பலகையில் விழுந்தது. ஜெகோ அதன்மேல் விழுந்தான். அவன் பற்கள் எலித்சாவின் மடிவரை உருண்டு வந்தன.

நடுவர்கள் கூடிப் பேசி, முதலில் தாக்கியவர் என்ற முறையில் ஜெகோவுக்கே வெற்றியைக் கொடுத்தார்கள். தூங்கிக்கொண்டிருந்தவனின் கையைத் தூக்கிக் காட்டினார்கள். ஊர் கைதட்டியது, இதைவிடச் சிறந்த எதையும் நான் அதனிடம் எதிர்பார்க்கவில்லை. பென்யோ அன்று மாலை ஒரு கல்யாணத்தில் வாசித்தான். அவனைச் சுரங்கத்துக்கு அனுப்பும் பேச்சை யாரும் எடுக்கவில்லை, கேட்டால் அவன் மறுத்துவிடுவானோ என்று பயந்தார்கள்.

அதன்பிறகு புதிதாக எந்தக் குத்தும் வெளியே போகவில்லை. முன்பு போனவை திரும்பி வரவும் இல்லை. அவை இப்போதும் சுற்றுகின்றன. தபால் நிலைய முனையில் நாங்கள் கொஞ்சம் குனிந்து நடப்போம். புதிதாக வந்த டாக்டர் எங்களைப் பார்த்து ஏளனமாகச் சிரித்தார்; மூக்குக்கண்ணாடி உடைந்த பிறகு அவரும் குனிகிறார்.

பல ஆண்டு கழித்து ஜெகோ செத்தான். சவ ஊர்வலத்தின் முன்னால் பென்யோ கிளாரினெட் வாசித்துப் போனான். தபால் நிலைய முனையில் குத்து ஒன்று ஆற்றுப் பக்கமிருந்து வந்தது, ஜெகோவின் இடது கை, சந்தேகமில்லை. நாங்கள் சவப்பெட்டியோடு குனிந்தோம். பென்யோவின் தலை ஒரு காது அகலம் பக்கவாட்டில் போய்த் திரும்பியது. அவன் பதில் சொல்லவில்லை, வாசிப்பையும் நிறுத்தவில்லை. குத்து எங்களைக் கடந்து கல்லறைப் பக்கம் போனது. நாங்கள் நிமிர்ந்து, அதன் பின்னாலேயே நடந்தோம்.