மேகக்கோட்டை ராணியின் நீலக் கேக்

ஆயிஷா பீவிக்கும் பக்கத்து வீட்டுத் தங்கபாய்க்கும் டிவி கேம் பைத்தியம் பிடித்தது தொண்ணூற்று மூன்றில். சிங்கப்பூரிலிருந்து ஆயிஷாவின் தம்பி கொண்டுவந்த பெட்டி அது. திரையில் வரும் எழுத்து ஒன்றும் புரியாததால் அந்த உலகத்துக்கு அவர்களே மேகக்கோட்டை என்று பெயர் வைத்தார்கள். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனதும் இருவரும் ஆயிஷாவின் ராஜபாளையத்து வீட்டில் உட்கார்ந்து பூதங்களை அடித்து நொறுக்குவார்கள்.

பிறகு தங்கபாயின் புருஷனுக்கு ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மாற்றலாயிற்று. போன இடத்தில் அவள் மாடிப்படியில் வழுக்கிக் காலை ஒடித்துக்கொண்டாள். பொழுது போகட்டுமென்று ஆயிஷா பெட்டியை அவளுக்கே கொடுத்தனுப்பினாள்.

ஒருநாள் ஆயிஷாவின் புருஷன் நடத்தும் பேக்கரிக்குத் தங்கபாயிடமிருந்து போன் வந்தது.

"ஏட்டி ஆயிஷா, கோட்டைக்குள்ள போயிட்டேன்! ராணி ஏழு அடுக்குக் கேக் வச்சிருக்கா. அம்புட்டும் நீலம். பாத்தா நாக்கு ஊறுது, திங்கத்தான் முடியல."

ஆயிஷா ரிசீவரை வைத்துவிட்டுப் புருஷனைப் பார்த்தாள்.

"ஏங்க, எனக்கு ஒரு நீலக் கேக் போடணும்."

"நீலத்துல போட்டா எவன் திம்பான்?" என்றார் அகமது கபீர். சொன்னாரே தவிர, ஐஸ் கம்பெனி மாரிச்சாமியிடம் போய் நீலக் கலர் வாங்கி வந்ததும் அவர்தான்.

திரையில் எல்லாமே கட்டம் கட்டமாகத்தானே தெரியும்! அதனால் ஆயிஷா கேக்கைச் சின்னச் சின்னச் சதுரமாக நறுக்கி, ஐசிங் தடவி, செங்கல் அடுக்குகிற மாதிரி ஏழு அடுக்கு எழுப்பினாள். அட்டைப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு மறுநாள் காலை பஸ் ஏறினாள்.

மம்சாபுரத்துக்குப் பிரியும் விலக்கில் ஓர் ஆடு குறுக்கே பாய, டிரைவர் பிரேக்கை மிதித்தார். பெட்டிக்குள் பொதக்கென்று சத்தம். திறந்து பார்த்தால் மேல் மூன்று அடுக்கும் கூழாகிக் கிடந்தன. ஆயிஷாவுக்குக் கண் கலங்கிவிட்டது. திரும்பிப் போய்விடலாமா என்றுகூட நினைத்தாள். ஆனால் ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கியதும் எதிரே பால்கோவாக் கடை. அரைக் கிலோ வாங்கிக்கொண்டாள்.

கட்டுப்போட்ட காலை ஸ்டூலில் நீட்டியிருந்த தங்கபாய் பெட்டியைத் திறந்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"எனக்காகவாட்டி?"

"பொறவு யாருக்கு? மேல இடிஞ்சு போச்சு. பால்கோவால கட்டிருவோம். உன் ராணி கேக்கைக் காட்டு."

அணைக்க மனமில்லாமல் தங்கபாய் போன் செய்ததிலிருந்தே ஆட்டத்தை அந்தக் கேக்கில் நிறுத்தி வைத்திருந்தாள். அதைப் பார்த்துப் பார்த்து இருவரும் பால்கோவாவை உருட்டிச் சதுரமாக்கினார்கள். ஐந்தாவது அடுக்கு முடியும்போது பொட்டென்று கரண்டு போனது.

"ஐயோ, ஆட்டம் போச்சே! முதல்லேருந்துல்லா ஆடணும்!" என்று தங்கபாய் தலையில் கை வைத்தாள். அடுத்த நிமிடம் அவளே சிரிக்க ஆரம்பித்துவிட்டாள்.

உச்சியில் கொடி இருந்ததா, பூ இருந்ததா என்பதில் இருவருக்கும் சண்டை. கடைசியில் ஒரு செர்ரிப் பழத்தை நட்டு வைத்தார்கள். கீழே நீலம், மேலே பால்கோவா நிறம். கோணலாக நின்றது கேக்.

தங்கபாய் ஒரு சதுரத்தைப் பிய்த்து வாயில் போட்டுக் கண்ணை மூடினாள்.

"எப்படிட்டி இருக்கு?"

"செத்த நேரம் பேசாத," என்றாள் தங்கபாய், அடுத்த சதுரத்துக்குக் கையை நீட்டியபடி.