அத்தான் பூசிய வெள்ளை

அக்காவின் படங்களுக்குத் துணியை இழுத்துக் கட்டி அடிப்பூச்சாக வெள்ளை பூசிக் கொடுப்பது தங்கையான என் வேலை. வேறு யார் கை வைத்தாலும் எனக்குப் பிடிக்காது. ஒரு பெரிய படத்துக்குத் துணி தேவைப்பட்ட வாரம் பார்த்து எனக்குக் காய்ச்சல். அத்தானுக்குத்தான் கை சும்மா இருக்காதே, "இதென்ன பெரிய வித்தையா?" என்று அவரே இறங்கிவிட்டார்.

பூச்சு என்னவோ வழவழவென்று நன்றாகத்தான் இருந்தது. அதன் மேல் அக்கா இரண்டு மாதம் உட்கார்ந்து எண்ணெய் வண்ணத்தில் ஒரு மழைத்தெருவை வரைந்தாள். காட்சிக்கூடத்தில் முதல் முறையாக அவளுக்கென்று ஒரு முழுச் சுவரை ஒதுக்கியிருந்தார்கள். அந்தச் சுவருக்கு இந்த ஒரு படம்தான்.

படம் போகவேண்டியதற்கு முதல் நாள் சட்டம் அடித்தேன். ஆணி இறங்கியதும் ஓரத்தில் வெள்ளை தூக்கிக்கொண்டது. நகத்தால் தொட்டால், தெருவிளக்கோடு சேர்ந்து பாலாடை மாதிரி உரிந்து வருகிறது. அடியில் பழைய எண்ணெய் வண்ணம். அதன் மேல் தண்ணீரில் கரைத்த வெள்ளை எங்கே பிடிக்கும்?

"புதுத்துணிதானே எடுத்தீங்க?" என்றேன்.

"பரண்ல ஒண்ணு சும்மா கெடந்துச்சு," என்றார் அத்தான். "நல்லாத் துடைச்சிட்டுத்தான் பூசினேன்."

"துடைச்சீங்களாக்கும். நல்லா இருப்பீங்க."

அக்கா கத்தியை விட்டு இன்னும் கொஞ்சம் நெம்பினாள். ஒரு காது தெரிந்தது. அத்தானின் காது. வேலை போய் அவர் வீட்டோடு கிடந்த வருஷம் அவள் வரைந்த படம் அது. அதில் பனியனோடு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருப்பார்.

"தெரிஞ்சேதான் பூசினீங்களா?" என்றாள் அக்கா.

அத்தான் ஜன்னலைப் பார்த்தார். "அதுல நான் ஒண்ணுத்துக்கும் ஆகாதவன் மாதிரி இருக்கேன். உன் கண்ணுக்கு அப்படித்தானே தெரிஞ்சிருக்கேன். என்னால பாக்க முடியல."

எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. மழைத்தெரு போனது போனதுதான், ஒட்ட வைத்தாலும் மாட்டிய இடத்திலேயே கொட்டும். அந்த அளவில் அக்காவிடம் வேறு படம் கிடையாது, அடியில் இருப்பதைத் தவிர.

"நான் வரைஞ்சதுலயே நல்லது இதுதான்," என்றாள் அக்கா. "நீங்க வேண்டாம்னா சுவர் காலியாவே இருக்கட்டும்." கத்தியை அவர் கையில் கொடுத்தாள்.

அத்தான் கத்தியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு தோள்பக்கமிருந்து உரிக்க ஆரம்பித்தார். மோவாய்வரை மளமளவென்று வந்தவர், கண்ணருகில் கீறல் விழாமல் விரலாலேயே கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தார். முழு முகமும் வெளியே வந்ததும் கையைத் துடைத்துக்கொண்டார்.

"அனுப்பு," என்றார். "ஆனா நான் அங்க வரமாட்டேன்."

"சரி," என்றாள் அக்கா. அப்போதுதான் அழுதாள்.

காட்சிக்கூடத்துக்கு நான்தான் போன் பண்ணினேன். படம் மாறுகிறது, அளவு அதேதான் என்றேன்.