பதினைந்து அங்குலமும் ஒரு விரற்கடையும்

காரைப்பாளையத்தில் சக்கரங்கள் வறண்ட ஏரிக்குள் மேய்கின்றன. வேண்டியவர்கள் போய்க் கேட்டு, அவை சம்மதித்தால் கூட்டி வரலாம். கடைவீதியில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருந்த சென்னியப்பனுக்கு இது சின்ன வயதிலிருந்தே தெரியும். ஆனால் ஐம்பத்திரண்டு வயது வரை அவர் ஏரிப் பக்கம் போக வேண்டி வரவில்லை. அவருடைய பெம்பர்டன் காரில் நான்கு சக்கரங்களும் ஒழுங்காகத்தான் இருந்தன.

பெம்பர்டன் 1961ஆம் வருடத்து வண்டி. வெந்தய நிறம். ஓடுவதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. நிற்பது மட்டும் ரயில்வே கேட்டில்தான் நிற்கும். பிரேக்கை எங்கே மிதித்தாலும் சரி, பஸ் ஸ்டாண்டில் மிதித்தாலும் பெட்ரோல் பங்க்கில் மிதித்தாலும், அது யோசித்துக்கொண்டே போய் ரயில்வே கேட்டில் நிற்கும்.

குணவதி டீச்சரின் வீடு ரயில்வே கேட்டுக்கு முக்கால் கிலோமீட்டர் முன்னால் இருந்தது. தினமும் காலை எட்டே காலுக்கு டீச்சர் வாசலில் நிற்பார். கார் அவரைக் கடக்கிற நேரத்துக்குள் ஏழு வார்த்தை பேசலாம். கணக்கு டீச்சர் என்பதால் அவர் எட்டுக்குப் போனதே இல்லை. ஒற்றைப்படைத் தேதிகளில் டீச்சர் பேசுவார், இரட்டைப்படைத் தேதிகளில் சென்னியப்பன். மாதத்தில் முப்பத்தொன்று வந்தால் டீச்சருக்கு அடுத்தடுத்து இரண்டு நாள் கிடைக்கும். அதை அவர் ஒருபோதும் விட்டுக்கொடுத்ததில்லை.

"போன மாசம் வெச்ச மொளகாச் செடி இன்னைக்குப் பூத்துருச்சுங்க" என்பார் டீச்சர்.

மறுநாள் சென்னியப்பன் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "பூவு உதிராம இருக்கப் புளிச்ச மோர் கொஞ்சம் ஊத்துங்க" என்பார்.

இப்படிப் பதினோரு வருடம் போயிற்று. ரயில்வே கேட்டிலிருந்து அவர் திரும்பி நடந்து வந்திருக்கலாம். ஆனால் அப்படி வந்தால் அவர் நடந்து வந்த ஆள் ஆகிவிடுவார். டீச்சர் பேசிக்கொண்டிருந்ததோ காரில் போகிற ஆளிடம்.

ஒன்பதாம் தேதி, திங்கட்கிழமை, டீச்சர் சொன்னார்: "வெள்ளிக்கிழமை மாத்தலாகிப் போறனுங்க. நின்னு ஒரு வார்த்தை பேசுங்க."

சென்னியப்பன் பிரேக்கை மிதித்தார். கார் ரயில்வே கேட்டில் நின்றது. அங்கிருந்து நேராக லத்தீப் பாயின் ஒர்க் ஷாப்புக்குப் போனார். அதாவது, அதைத் தாண்டி ரயில்வே கேட்டில் மறுபடி நின்று, பாயைப் போனில் கூப்பிட்டு வண்டியை இழுத்துப் போகச் சொன்னார்.

"பாய், வண்டி நிக்கோணும்."

"நிக்குதேங்ண்ணா."

"நான் நெனைக்கிற எடத்துல நிக்கோணும்."

லத்தீப் பாய் தலையை ஆட்டினார். பழைய டிரம் பிரேக்கைக் கழற்றி வைத்துவிட்டு, முன்னால் இரண்டும் பின்னால் இரண்டுமாகப் புது டிஸ்க் பிரேக் மாட்டினார். இரண்டு நாள் வேலை. தட்டை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கிற காலிப்பர் ஒவ்வொன்றும் நல்ல பலாக்காய் அளவு இருந்தது. புதன்கிழமை சாயங்காலம் பழைய சக்கரத்தைத் தூக்கி மாட்டப் பார்த்தார். ஏறவில்லை.

"காலிப்பர் ரிம்முல முட்டுதுங்ண்ணா. இது பதிமூணு இஞ்சு. உள்ளுக்குள்ள எடம் பத்தாது."

அதைக் கேட்ட பழைய சக்கரங்கள் நான்கும் கால் மிதியில் ஒரு தடவை துடைத்துக்கொண்டு, ஏரியைப் பார்த்து ஒன்றன் பின் ஒன்றாக உருண்டு போயின.

பாய் ஒரு அட்டையைக் காலிப்பர் மேல் வைத்து, அதே வடிவத்தில் வெட்டிச் சென்னியப்பனிடம் கொடுத்தார். "இதச் சக்கரத்துக்குள்ள வெச்சுப் பாருங்க. சுத்தி எங்க பாத்தாலும் ஒரு விரற்கடை எடம் இருக்கோணும். போல்ட்டு ஓட்டை நாலு. ரொம்பப் பெருசாக் கூட்டியாந்துராதீங்க, மட்கார்டுல ஒரசும்."

வியாழக்கிழமை காலை கடையைத் திறக்காமல், அட்டையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு சென்னியப்பன் ஏரிக்குப் போனார். கரைமேல் குடை பிடித்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார் ரங்காத்தாள். பஞ்சாயத்தில் அவரைச் சக்கரக் காவலுக்குப் போட்டிருந்தார்கள். கீழே லாரிச் சக்கரங்கள் வேலமரத்து நிழலில் படுத்திருந்தன. சைக்கிள் சக்கரங்கள், ஆள் அரவம் கேட்டதும் கூட்டமாக எழுந்து அக்கரைக்கு ஓடிவிட்டன. நடுவில், கோரைப் புல்லை ஒட்டி, கார்ச் சக்கரங்கள் மேய்ந்துகொண்டிருந்தன.

சென்னியப்பன் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே இறங்கினார். முதலில் ஒரு பதினான்கு அங்குலம் வந்து நின்றது. அட்டை பாதி வரை போய்ச் சிக்கிக்கொண்டது. பிறகு ஒரு பதினாறு வந்தது. உள்ளே தாராளமாக இடம், ஒரு சிறு குடும்பமே இருக்கலாம். ஆனால் மட்கார்டு அளவுக்கு முடிச்சுப் போட்டுக் கொண்டுவந்த கயிற்றை வைத்து அளந்தபோது முடிச்சைத் தாண்டியது. அதற்கு அவர் நன்றி சொல்லி அனுப்பினார். ஐந்து ஓட்டைக்காரர்கள் சிலர் தாங்களாகவே ஒதுங்கி நின்றார்கள்.

மூன்றாவதாக ஒரு பதினைந்து அங்குலம். நான்கு ஓட்டை. அட்டை உள்ளே போய் உட்கார்ந்தது. சென்னியப்பன் சுண்டுவிரலை விட்டு ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். எங்கும் இடிக்கவில்லை. அதற்குள் சக்கரம் அட்டையை மோந்து பார்த்துவிட்டு, பத்தடி பின்னால் உருண்டு போய்விட்டது. அதைப் பார்த்து மற்ற பதினைந்துகளும் பின்வாங்கின.

"டிஸ்க் பிரேக்குங்களா?" என்று கரையிலிருந்து கேட்டார் ரங்காத்தாள்.

"ஆமாங்க."

"அதான் பயப்படுதுங்க. உருள்றதுக்குன்னே பொறந்ததுங்க. நீங்க சும்மா சும்மா நிறுத்துவீங்களோன்னு பாக்குதுங்க."

"ஒரே ஒரு எடத்துலதாங்க நிறுத்தோணும்."

சக்கரங்கள் ஒரு முழம் கிட்டே வந்தன.

"எங்கன்னு கேக்குதுங்க."

"குணவதி டீச்சர் ஊட்டு முன்னால."

இன்னொரு முழம்.

"எதுக்குன்னு கேக்குதுங்க."

இதை யாரும் அவரிடம் கேட்டதில்லை. கடையில் தினமும் அவர்தான் மற்றவர்களைக் கேட்பார், இந்த எழுத்து தெரிகிறதா, அந்த எழுத்து தெரிகிறதா என்று. சென்னியப்பன் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். காது இரண்டும் சுட்டன. லாரிச் சக்கரங்கள்கூட எழுந்து உட்கார்ந்துவிட்டன.

"அவங்க பேசறத எட்டாவது வார்த்தைல இருந்து கேக்கோணும்ங்க" என்றார்.

ரங்காத்தாள் குடையை மடக்கினார்.

முதலில் அசைந்தது கோரைக்குப் பின்னால் தனியாக நின்ற ஒரு கறுத்த பதினைந்து அங்குலச் சக்கரம். அமரர் ஊர்தியில் பதினாறு வருடம் ஓடியது. நிற்பதற்கு அது என்றைக்குமே பயந்ததில்லை. நேராக வந்து சென்னியப்பனின் முழங்காலில் சாய்ந்துகொண்டது. அதைப் பார்த்ததும் மூன்று பதினைந்துகள் ஓடி வந்தன. பிறகு மற்றவையும் எழுந்தன. நின்ற இடத்திலேயே ஒன்று பம்பரமாகச் சுற்றியது, அடுத்தது அதைச் சுற்றிச் சுற்றியது, இரண்டையும் சேர்த்து லாரிச் சக்கரங்கள் சுற்றின. புழுதி பனையளவு எழும்பியது. கரைமேல் ரங்காத்தாளின் நாற்காலி அவரோடு சேர்ந்து சுழன்றது. "மெதுவா, மெதுவா" என்று சொல்லிக்கொண்டே அவர் சிரித்தார். சென்னியப்பன் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு, வேட்டி குடையாக விரிய, தலை கிறுகிறுத்துக் கீழே விழும் வரை சுற்றினார். விழுந்தபின் வானம் கொஞ்ச நேரம் சுற்றியது.

நான்கு போதும் என்று அவர் சொன்னதை யாரும் கேட்கவில்லை. நாற்பத்து மூன்று சக்கரங்கள் அவரோடு கிளம்பின. பஸ் ஸ்டாண்டு முக்கில் போலீஸ்காரர் இரண்டு பக்கமும் பஸ்களை நிறுத்தி வழிவிட்டார். மேட்டில் ஏறும்போது பெரியவை சின்னவற்றைப் பின்னாலிருந்து தள்ளிவிட்டன. பேக்கரிக்காரர் எல்லாவற்றுக்கும் தண்ணீர் தெளித்தார்.

மற்றவை வாசலில் நின்று பார்க்க, லத்தீப் பாய் நான்கையும் மாட்டி, நட்டுகளை முறுக்கி, ஒவ்வொரு சக்கரமாகக் கையால் சுற்றிவிட்டுக் காதை வைத்துக் கேட்டார்.

"ஒரசலீங்ண்ணா" என்றார்.

வெள்ளிக்கிழமை எட்டு மணிக்கே சென்னியப்பன் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். வழியில் ஒரு தடவைகூடப் பிரேக்கைத் தொடவில்லை. சக்கரங்களுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். டீச்சர் வீடு தெரிந்தது. பிரேக்கை மிதித்தார்.

கார் நின்றது.

டீச்சர் வீட்டுக் கேட்டுக்கு நேராக, ஒரு விரற்கடை முன்னே பின்னே இல்லாமல் நின்றது. பதினோரு வருடமாக ஓடிக்கொண்டே இருந்த வீடு அசையாமல் நின்றதை அவர் அன்றுதான் பார்த்தார். கேட்டுக்குப் பச்சை வர்ணம் அடித்திருந்தது. டீச்சர் கண்ணாடி போட்டிருந்தார். இடது கண்ணுக்குப் பவர் கொஞ்சம் கூட்ட வேண்டியிருக்கும் போலிருந்தது.

"நின்னுட்டனுங்க" என்றார் சென்னியப்பன்.

"பாத்தனுங்க" என்றார் குணவதி டீச்சர்.

பிறகு டீச்சர் பேச ஆரம்பித்தார். மிளகாய்ச் செடி பூத்து, காய்த்து, அதை ஊறுகாய் போட்டது, புதுப் பள்ளிக்கூடம் மலையடிவாரத்தில் இருப்பது, அங்கே எட்டாம் வகுப்புக்குப் பின்னமே தெரியாதாம் என்பது, அவருக்கு மோர் என்றால் சுத்தமாகப் பிடிக்காது, ஆனாலும் செடிக்கு வாங்கி ஊற்றினார் என்பது. மூச்சு விடுகிற இடத்தில்கூட அவர் நிறுத்தவில்லை. சென்னியப்பன் ஸ்டியரிங் மேல் கன்னத்தை வைத்துக்கொண்டு கேட்டார். சக்கரங்கள் நான்கும் ஆடாமல் அசையாமல் நின்றன. வெயில் ஏறி, கார் கூரை சுட ஆரம்பித்தபோதுதான் டீச்சர் நிறுத்தினார்.

"நீங்க ஒண்ணுமே சொல்லலீங்களே."

"நானும் அந்த ஊருக்கு வரட்டுங்களா?"

"நீங்க வராம வண்டிய ஆரு ஓட்டறதுங்க?" என்று சொல்லிவிட்டு டீச்சர் உள்ளே போனார்.

ஒரு பெட்டியோடு அவர் வெளியே வந்தபோது, பின்னாலேயே வீட்டின் சமையலறை, நிலையில் இடிக்காமல் குனிந்துகொண்டு வந்தது. காரின் பின் சீட்டில் ஏறி, ஜன்னலோரமாக உட்கார்ந்துகொண்டது.

"ஹாலுங்க?" என்று கேட்டார் சென்னியப்பன்.

"அதுக்குக் கார்ல போனா ஒத்துக்காதுங்க. ரெண்டு மணி பஸ்ஸுல வந்துரும்."

சமையலறையிடம் பரணைக் கொஞ்சம் உள்ளே இழுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, சென்னியப்பன் கதவைச் சாத்தினார்.