சென்ட்ரெய் படலம்

அன்று காலை ஸ்கேன் அறைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்தவர்கள்: பேராசிரியர் சென்ட்ரெய் போடோக், அவர் சொல்லி முடிப்பதற்குள் தலையாட்டிவிடும் டாக்டர் கெலெமென், புடாபெஸ்டிலிருந்து வந்த அமைச்சக அம்மாள், அவருடன் வந்த புகைப்படக்காரர், பொகாச்சா ரொட்டித் தட்டோடு நர்ஸ் இல்கா, இரவு ஷிப்ட் முடிந்தும் வீட்டுக்கு விடப்படாத ஸ்கேன் டெக்னீஷியன் நான். புகைப்படத்துக்காக எல்லோரும் கண்ணாடிக்கு முதுகைக் காட்டி நின்றார்கள். அந்தப் பக்கம் யார் இருந்தார்கள் என்று ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

எலும்பு, பல், தசைநார் எல்லாம் எம்.ஆர்.ஐ.க்குப் பிடிபடாத ஆசாமிகள். கேட்டால் பதில் சொல்லும். ஆனால் எந்திரம் காதைத் திறப்பதற்குள் குரல் அடங்கிவிடும். படத்தில் வெறும் கறுப்புதான் வரும். புது முறையில் எந்திரம் உடனே காதைத் திறக்கும், சற்றுப் பொறுத்து இன்னொரு தடவை கேட்கும். முதல் படத்திலிருந்து இரண்டாவதைக் கழித்தால் சீக்கிரம் அடங்கியது மட்டும் மிஞ்சும். நல்ல முறைதான், பல நாடுகளில் செய்கிறார்கள். எங்கள் பேராசிரியர் மட்டும்தான் அதில் தன் பெயரைக் கண்டுபிடித்தார்.

குதிகாலுக்குப் பின்னால் வெளிறிய படலம் ஒன்று தெரிந்தது. எந்தப் பாடப்புத்தகத்திலும் அது கிடையாது. சென்ட்ரெய் படலம் என்று அவரே பெயர் வைத்தார். வந்த நோயாளிகள் அத்தனை பேருக்கும் அது ஒரே இடத்தில் கிழிந்திருந்தது. தபால்காரருக்கும் அதே கிழிசல், பாதிரியாருக்கும் அதே கிழிசல். இன்னொருவராக இருந்தால் சந்தேகப்பட்டிருப்பார். இவர் நம் நாட்டு மக்கள் தப்பாக நடக்கிறார்கள் என்று கட்டுரை எழுதினார். இரண்டு பேரை அறுத்தும் பார்த்தாயிற்று. உள்ளே அப்படி எதுவும் இல்லையே என்று சர்ஜன் கேட்டதற்கு, "உங்க கண்ணுக்கு எப்படித் தெரியும், என் முறைக்குத்தானே தெரியும்" என்றார்.

மூன்றாவதாக அறுபட இருந்தவள் சோர்பா எமெஷே, எங்கள் ஊர் ஹேண்ட்பால் அணியின் கோல்கீப்பர். வியாழக்கிழமை அறுவை. அறுத்தால் இந்த சீசன் போய்விடும். அவள் வயதுக்கு அடுத்த சீசன் என்று ஒன்று கிடையாது. அவளுடைய கிழிசலை அமைச்சக அம்மாளுக்கு நேரில் எடுத்துக் காட்டுவதுதான் அன்றைய ஏற்பாடு.

காலைச் சரிபார்ப்புக்காக நான் பலகையை எந்திரத்துக்குள் விட்டிருந்தேன். அதன்மேல் குதிகாலைத் தாங்கும் திண்டு மட்டும் இருந்தது. எமெஷே இன்னும் உடைமாற்றும் அறையில் கொண்டையூசி கழற்றிக்கொண்டிருந்தாள். பேராசிரியர் புகைப்படத்துக்காகத் தானே பொத்தானில் விரலை வைத்தார்.

"ஒரு நிமிஷம் புரொபசர், இன்னும்..."

"பி.எச்.டி.யைப் பாதியில விட்டவன் எனக்கு நேரம் சொல்றான் பாருங்கம்மா."

கெலெமென் முதலில் சிரித்தார். விட்டதோடு இதையும் விட்டுவிடலாம் என்று பேசாமல் இருந்தேன். அவர் அழுத்தினார்.

படம் வந்தது. கறுப்புக்கு நடுவில் வெளிறிய படலம், அதில் கிழிசல். மூலையில் எமெஷேயின் பெயர்.

"இவ்வளவு தெளிவா இதுக்கு முன்னாடி வந்ததே இல்ல" என்றார் பேராசிரியர்.

"எலும்பு எங்க?" அமைச்சக அம்மாள் கேட்டார்.

"எலும்பு ஒரு தொந்தரவும்மா. அதை விலக்கிட்டோம்."

"சுத்தமா விலக்கிட்டோம்" என்றார் கெலெமென்.

"இப்படிக் கிழிஞ்ச காலை வச்சுக்கிட்டா அந்தப் பொண்ணு பந்து புடிக்கிறா?" என்றாள் இல்கா, வாயில் பொகாச்சாவோடு.

"அதான் வியாழக்கிழமை தைக்கிறோமே."

உடைமாற்றும் அறைக் கதவு திறந்தது. ஆஸ்பத்திரி அங்கியில், கை நிறையக் கொண்டையூசியோடு எமெஷே வந்து நின்றாள்.

"லேட்டாயிடுச்சு, மன்னிச்சுக்குங்க. எந்தப் பக்கம் தலை வச்சுப் படுக்கணும்?"

புகைப்படக்காரர் மட்டும் ஒரு படம் எடுத்தார். அது அவர் வேலை.

அவள் திரையைப் பார்த்தாள். "என் பேரு போட்டிருக்கே. இது யாரு?"

"இது ஒப்பிட்டுப் பாக்கிற படம். ஆள் இல்லாம ஒண்ணு எடுக்கிறது வழக்கம்" என்றார் பேராசிரியர்.

"வழக்கம்" என்றார் கெலெமென்.

"சரி. ஆளே இல்லைன்னா கிழிஞ்சது யாருக்கு?"

ஊசிகளை இல்காவின் தட்டில் கொட்டிவிட்டு அவள் எந்திர அறைக்குள் போனாள். திண்டோடு திரும்பினாள். கறுப்பு நுரைத் திண்டு, குதிகால் பதியும் இடத்தில் பிளந்திருந்தது. நுரையும் எலும்பைப் போலச் சீக்கிரம் குரல் அடங்கும் ஜாதிதான். பிளவுக்குள் விரலை விட்டு ஆட்டினாள்.

"புரொபசர், இதைத் தைக்க எனக்கு எதுக்கு மயக்க ஊசி? எங்கம்மாகிட்டக் குடுத்தா டிவி பாத்துக்கிட்டே தச்சுருவாங்க."

"மத்த ரெண்டு பேருக்கு யார் போய்ச் சொல்றது?" என்றாள் இல்கா. அமைச்சக அம்மாள் கையிலிருந்த பொகாச்சாவைத் தட்டில் திரும்ப வைத்தார்.

"திண்டைக் கீழ வை. ஆஸ்பத்திரிச் சொத்து" என்றார் பேராசிரியர்.

"என் பேருல இருக்கிற குதிகாலு சார் இது. எனக்கு வலி இருக்கு, இல்லைங்கல. அதுக்கு வேற டாக்டரைப் பாத்துக்கறேன். இதையும் அவர்கிட்டக் காட்டணும்."

அங்கிக்கு மேலேயே ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு, காலைக் கொஞ்சம் இழுத்தபடி வெளிக்கதவை நோக்கி நடந்தாள்.

"அவளைப் புடிடா" என்று பேராசிரியர் என்னிடம் சொன்னார்.

பிடிக்கப் போவது போலத்தான் போனேன். வெளிக்கதவில் பேராசிரியர் கையெழுத்திட்ட அறிவிப்பு தொங்குகிறது: காந்தப் பகுதி, கதவு ஒருபோதும் திறந்திருக்கக் கூடாது. என் அட்டையைக் காட்டிக் கதவைத் திறந்துவிட்டேன். அக்குளில் திண்டோடு அவள் வெளியே போனாள். அறிவிப்பில் சொன்னபடியே கதவைச் சாத்திப் பூட்டினேன்.