கேசவனின் முறை

வடமாலபேட்டை பில்லியர்ட்ஸ் கடையில் ரமணா தப்பாக அடித்தாலும், மேஜையின் குழி நகர்ந்து வந்து பந்தை வாங்கிக்கொள்ளும். புத்தூர் தச்சர் இரண்டு முறை அளந்துவிட்டு, மேஜையில் கோளாறு இல்லை என்று சொல்லி, டீ குடித்துவிட்டுப் போனார். பந்து குழியில் விழுந்துகொண்டிருக்கும்வரை அடிப்பவனுக்கே முறை என்பதால், எதிராளியான கேசவனுக்கு எட்டு வருடமாக ஆட்டமே வரவில்லை. ஸ்ரீ சிட்டி தொழிற்சாலையில் ஷிப்ட் முடித்து வந்து உட்கார்ந்து பார்ப்பான். கீழே விழுந்த எதையோ எடுப்பவன்போல ரமணா அலட்சியமாகக் குனிவான். ஐந்து பந்துகள் ஐந்து குழிக்குப் போகும். முதலில் கேசவன் அவனை ஜெயிக்க நினைத்தான். பிறகு ஒரே ஒரு அடி கிடைத்தால் போதும் என்றிருந்தான்.

ரமணாவுக்கு முப்பது வயது. தூக்கம் போய் வெகுநாளாகியிருந்தது. கண்ணை மூடினாலும் பந்துகள் விழுந்துகொண்டே இருந்தன.

"ஒரு தபா தப்பா அடிக்கணும்பா. கை அசந்துபோச்சு," என்று சொல்லிவிட்டு, ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், கறுப்புப் பந்து மட்டும் மீதியிருக்க, வெள்ளைப் பந்தை வாசல் பக்கம் ஓங்கி அடித்தான். அது சென்னை ரோட்டில் இறங்கி ஓடியது.

"மேஜைய வுட்டுப் போனா தப்பு தானே?" என்றான் கேசவன்.

"பந்து நிக்கட்டும். நின்னாத்தான் தீர்ப்பு," என்றார் கடைக்காரர் சடகோபன்.

பந்து நிற்கவில்லை. புத்தூர் ரயில்வே கேட்டில் அது காத்திருந்து தாண்டியதாக ஒரு பால்காரர் போன் செய்தார். சனிக்கிழமை நகரியில் பார்த்தார்கள். ரமணா பெஞ்சில் படுத்துத் தூங்கினான். கேசவன் லீவு போட்டுக் கையில் கோலோடு நின்றான். அவன் மனைவி கலைவாணி சோறு கொண்டுவந்தாள்.

"துன்னுட்டாவது நில்லுய்யா," என்றாள்.

திங்கட்கிழமை வெயில் ஏறும்போது, சேறு அப்பிய பந்து ரோட்டோரமாக உருண்டு வந்துகொண்டிருப்பதை முதலில் பார்த்தவன் கேசவன்தான். ஷட்டரை இழுத்துவிட்டால் போதும், பந்து முட்டி நின்றுவிடும், முறை அவனுக்கு வரும். கை ஷட்டர் வரை போனது. ஆனால் அந்தப் பந்து எப்படி முடிக்கப்போகிறது என்று பார்க்காமல் அவனால் இருக்க முடியவில்லை. வழியிலிருந்த செருப்புகளைக் காலால் ஒதுக்கிவிட்டு நகர்ந்து நின்றான். பந்து மேஜைக்காலில் ஏறி, கறுப்பை மெல்லத் தொட்டுக் குழிக்குள் தள்ளியது.

ரமணா கண் விழித்தான். "நின்னுச்சா?"

"இல்லபா. வுழுந்துடுச்சி. நல்லா வுழுந்துச்சி."

ரமணா எழுந்து முகம் கழுவப் போனான். ஜெயித்தவன்தான் அடுத்த ஆட்டத்தைத் தொடங்க வேண்டும். கேசவன் வெள்ளைப் பந்தின் சேற்றைச் சட்டையில் துடைத்து, மற்றவற்றை முக்கோணமாக அடுக்கினான்.