இடது கைக்கு ஒரு கிடார்

தீவின் டாலிகஞ்ச் பகுதியில் நாகரத்தினத்தின் ரேடியோ ரிப்பேர் கடைக்கு ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. அடைத்த கடைக்குள் பின்வாசல் வழியாகப் போய் உட்கார்ந்து கிடார்களைப் பற்றிப் பேசுவது மூன்று பேருக்கு வழக்கமாகியிருந்தது. கடைக்காரர் நாகரத்தினம் தீவிலேயே பிறந்து, இந்தி கலந்து பேசுபவர். துரைசாமி மெட்ராஸிலிருந்து கப்பலேறிக் கிளார்க்காக வந்தவன். மூன்றாவது ஆள் பக்கிரிசாமி. மற்ற இருவரும் வாசிப்பார்கள். பக்கிரிசாமி கேட்டுக்கொண்டிருப்பான்.

முன்பெல்லாம் மூவரிலும் நன்றாக வாசிப்பவன் அவன்தான். பாராடாங் காட்டுப் பக்கம் ரோடு போட்டுக்கொண்டிருந்த ஒரு காண்ட்ராக்டரிடம் மெக்கானிக்காக இருந்தான். வெட்டிய மரங்களை இழுக்கும் விஞ்ச் இயந்திரத்தின் இரும்புக் கயிறு ஒருநாள் அறுந்து சுழன்று வந்தது. வலது கையில் கட்டைவிரல் மட்டும் மிஞ்சியது. காண்ட்ராக்டர் ஈரமுள்ள மனிதர். டெய்ரி ஃபார்ம் என்ற இடத்தில் இருந்த தன் கோடவுனில் ஸ்டோர்கீப்பர் வேலையும், அதை ஒட்டியே குடியிருக்க ஓர் அறையும் கொடுத்தார். பக்கிரிசாமி இடது கையால் எழுதவும், சாப்பிடவும், முகம் மழிக்கவும் பழகினான். நாகப்பட்டினத்தில் அவனுக்குப் பேசி வைத்திருந்த பெண்ணை வேறிடத்தில் கட்டிக்கொடுத்துவிட்டார்கள் என்று தெரிந்தபோது, ஒருநாள் வேலைக்கு வராமல் இருந்தான். மறுநாள் வந்துவிட்டான்.  கிடாரைப் பெட்டியில் போட்டுக் கட்டிலுக்கு அடியில் தள்ளினான். துரைசாமி ஒருமுறை இரவல் கேட்டபோது, “அது அங்கயே கெடக்கட்டும் துரை” என்றான்.

ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்தான். அந்தப் பேச்சைவிட்டால் வாரம் முழுக்க அவன் பேசுவதற்கு ஆணியும் சிமெண்டும்தான் இருந்தன.

கிடார் பேச்சுக்கு அங்கே முடிவே இல்லை. துரைசாமி கல்கத்தாவிலிருந்து வரவழைத்த கிடாரின் கழுத்து முதல் மழையிலேயே வளைந்துபோனது. நாகரத்தினம் பழைய டெலிபோன் ரிசீவரைப் பிரித்து, அதிலிருந்த காந்தத்தைத் தன் கிடாருக்குள் ஒட்டி, ரேடியோவோடு இணைத்திருந்தார். அதில் பாட்டோடு சேர்ந்து அவ்வப்போது யாரோ இந்தியில் வயர்லெஸ் பேசுவதும் கேட்டது. மெட்ராஸில் ஒரு கடையில், உள்கூடே இல்லாத, கரண்டில் ஓடும் கட்டைக் கிடாரைத் தொட்டுப் பார்த்ததை துரைசாமி பத்துத் தடவையாவது சொல்லியிருப்பான்.

“பலகை மாதிரி இருக்கு சார். மீட்டினா கொசு கத்துற மாதிரி. ஒயரைச் சொருவுனான் பாரு, கடையே அதிருது.”

“பாத் சஹி ஹை, சரிதான். ஆனா இங்க கரண்ட் போனா அது வெறும் பலகைதானே” என்றார் நாகரத்தினம்.

மழைக்காலம் முடிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை உதயசூரியன் வந்தான். மெயின்லேண்டுக்குப் போய்வரும் கப்பலில் எலெக்ட்ரீஷியன். முன்பு வெளிநாட்டுக் கப்பல்களில் இருந்தவன். கப்பல் வரும்போதெல்லாம் நாகரத்தினத்துக்கு ரேடியோ வால்வும் கிடார் கம்பியும் கொண்டுவருவான். அன்று தோளில் ஒரு நீளப் பெட்டி, கையில் இன்னொரு கனமான பெட்டி.

“சிங்கப்பூர்ல பழசா வாங்குனது. நீங்க யாரும் பாத்திருக்க மாட்டீங்க” என்று சொல்லித் திறந்தான்.

பார்ப்பதற்குக் கிடார்தான். உடம்பில் மட்டும் கிடாருக்குச் சம்பந்தமில்லாத ஸ்விட்சுகள் வரிசையாக இருந்தன. நாகரத்தினம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதன் கழுத்தைத் தடவினார். கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கட்டைகள் ஒவ்வொன்றும் கம்பிக்குக் கம்பி துண்டாக வெட்டப்பட்டிருந்தன.

“ஒவ்வொரு துண்டுக்கும் உள்ள ஒயர் போகுது” என்றான் உதயசூரியன். “கம்பியை அழுத்திக் கட்டையில தொட வச்சா சர்க்யூட் சேந்துடும். ஆர்கன் சத்தம் வரும். இந்த ஸ்விட்சைப் போட்டா புல்லாங்குழல்.”

கூட வந்த கனமான பெட்டியைக் கரண்டில் சொருகி, ரேடியோவோடு இணைத்தார்கள். துரைசாமி வாங்கி மடியில் வைத்து, வழக்கப்படி இடது கையால் அழுத்திக்கொண்டு வலது கையை ஓங்கினான். கம்பியைத் தொடுவதற்கு முன்பே தேவாலயத்தில் கேட்பது போன்ற சத்தம் கடையை நிறைத்தது. அவன் கையை அந்தரத்திலேயே நிறுத்திவிட்டான்.

“நான் இன்னும் மீட்டவே இல்லையே.”

“மீட்ட வேணாம். அழுத்துனா போதும். விரலை எடுக்குற வரைக்கும் சத்தம் நிக்கும்.”

துரைசாமியும் நாகரத்தினமும் பக்கிரிசாமியைப் பார்த்தார்கள். உதயசூரியனுக்கு மட்டும் காரணம் தெரியவில்லை. பக்கிரிசாமி வலது கையைக் கால்சட்டைப் பைக்குள் வைத்திருப்பது வழக்கம்.

“வலது கை வேணாமா?” என்று பக்கிரிசாமி கேட்டான்.

“எதுக்கு?”

பக்கிரிசாமி கையை வெளியே எடுத்தான். உதயசூரியன் பார்த்தான். கிடாரை துரைசாமியிடமிருந்து வாங்கி அவன் மடியில் வைத்தான்.

விரல்நுனிகளில் இருந்த காய்ப்பெல்லாம் போயிருந்தது. கம்பி வெட்டுவது போல வலித்தது. இருந்தாலும் இடங்கள் மறக்கவில்லை. முதல் ஸ்வரக்கூட்டை அழுத்தியதும் சத்தம் எழுந்தது. எடுத்தால் நின்றுவிடும் என்று எடுக்காமலே இருந்தான். பிறகு அடுத்ததற்குப் போனான், அதற்கடுத்ததற்கும். நாகரத்தினம் எழுந்துபோய் டீ போடுகிற சாக்கில் அடுப்பங்கரையில் நின்றுகொண்டார்.

அந்தக் கிடார் உதயசூரியனுக்கு அலுத்துப்போயிருந்தது. கனம் அதிகம், கப்பல் அறையில் சரியாகக் கரண்ட் கிடைக்காது, டெக்கில் உட்கார்ந்து வாசிக்க முடியாது. “எனக்குச் சாதாரணமா ஒரு கிடார் இருந்தாப் போதும்ணே” என்றான். பக்கிரிசாமி அன்று மாலையே டெய்ரி ஃபார்முக்குப் போய்க் கட்டிலுக்கு அடியிலிருந்த பெட்டியை இழுத்தான். திறந்து பார்க்கவில்லை. அப்படியே தூக்கிக்கொண்டு ஜெட்டிக்கு நடந்தான். கைமாற்றிக்கொண்டபோது உதயசூரியன் பெட்டியைத் திறந்து ஒரு மீட்டு மீட்டினான். பல வருஷம் கிடந்ததில் சுருதி இறங்கிப்போயிருந்தது. பக்கிரிசாமி அது காதில் விழாதது போலத் திரும்பி நடந்தான்.

பொங்கலுக்குத் தமிழர்கள் கூடி நடத்திய விழாவில் மூவரும் மேடை ஏறினார்கள். துரைசாமி தாளம் பிடித்து மீட்ட, நாகரத்தினம் நடுவில் நிரவ, பக்கிரிசாமி வலது கையைக் கிடாரின் மேல் சும்மா வைத்துக்கொண்டு மெட்டை வாசித்தான். பாட்டு சரியாகவே வந்தது. ஆனால் கூட்டத்தில் இருந்தவர்கள் கழுத்தை நீட்டி மேடைக்குப் பின்னால் பார்த்தார்கள். முன்வரிசையில் ஒருவர் எழுந்து வந்து திரைச்சீலையை விலக்கியே பார்த்துவிட்டார். கைத்தட்டல் பலமாக இருந்தது.

திரும்பி நடக்கும்போது துரைசாமி உற்சாகமாக இருந்தான். “எவ்ளோ நேரம் தட்டுனாங்க பாத்தியா?”

“தட்டுனாங்க. ஆர்கன் எங்கன்னு தேடிக்கிட்டே தட்டுனாங்க.”

“அதனால என்ன?”

பக்கிரிசாமி வலது கையைப் பைக்குள் விட்டுக்கொண்டான். “நீ பக்கத்துல மீட்டிக்கிட்டு இருந்தப்ப எனக்குத் தோள்லேருந்து கை ஆடுது துரை. வெரல் இருக்குற மாதிரியே ஆடுது. இதுல அழுத்துனா வருது, எடுத்தா போவுது. அடிச்சு வாசிக்கிற வேலையே இதுக்குத் தெரியாது.”

துரைசாமி அவன் தோளில் கைபோட்டான். ஊருக்குப் போனதும் வாங்கப்போகும் கட்டைக் கிடாரைப் பற்றிப் பேச ஆரம்பித்தான்.

சித்திரையில் துரைசாமிக்கு மெட்ராஸுக்கு மாற்றல் வந்தது. பக்கிரிசாமியும் நாகரத்தினமும் ஜெட்டிக்குப் போனார்கள். கப்பல் நகர்ந்த பிறகும் துரைசாமி கையசைத்துக்கொண்டிருந்தான். பக்கிரிசாமி பைக்குள்ளிருந்த கையையும் எடுத்து, இரண்டு கைகளையும் ஆட்டினான். உதயசூரியனையும் கல்கத்தா பக்கம் வேறு கப்பலுக்கு மாற்றிவிட்டார்கள். செட்டில்மெண்ட் எனப்படும் குடியேற்றக் கிராமங்களிலிருந்து டிரான்சிஸ்டர்கள் நிறைய ரிப்பேருக்கு வரத் தொடங்கின. நாகரத்தினம் ஞாயிற்றுக்கிழமையும் முன்கதவைத் திறந்தார். “புரா மத் மானோ பக்கிரி, தந்தா, கடைத் தொழிலையும் பாக்கணும்ல” என்றார். பக்கிரிசாமி வருத்தப்படவில்லை. இரண்டு வாரம் போய் நின்றான். வாடிக்கையாளர்களுக்கு இடைஞ்சலாக இருப்பதாகத் தோன்றியது. பிறகு போகவில்லை.

அந்த மழைக்காலம் நீளமாக இருந்தது. கோடவுனைப் பூட்டிவிட்டு வந்து, சாயங்காலம் விளக்கு வைத்த கையோடு கிடாரை எடுத்துத் தன் ரேடியோவோடு இணைத்துவிடுவான். கூடவே வாசிக்க ஆளில்லாததால் பழைய பாட்டுகள் எதுவும் நிற்கவில்லை. தாளம் இல்லாமல் அவை நொண்டின. ஒருநாள் எரிச்சலில் ஒரே ஒரு ஸ்வரத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மழை கூரைத் தகரத்தில் விழுந்துகொண்டிருந்தது. அந்த ஸ்வரம் குறையாமல் நின்றது. மெதுவாக மேலே இன்னொன்றைச் சேர்த்தான். சாதாரணக் கிடாரில் முதல் ஸ்வரம் அதற்குள் செத்திருக்கும். இதில் இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று நின்றன. அவன் அவசரப்படாமல் மூன்றாவதைத் தேடினான்.

அதற்குப் பிறகு தினமும் அப்படித்தான் வாசித்தான். நீளமான, மெதுவான ஏதோ ஒன்று. அவனாகவே கோத்தது. அதற்குப் பேரில்லை. உப்புக்காற்றில் சில கட்டைகள் பச்சை பூத்துச் சத்தம் அடங்கின. நாகரத்தினம் சுரண்டிக் கொடுத்தும் இரண்டு மூன்று பிழைக்கவில்லை. அவற்றைச் சுற்றிப் போனான். நன்றாக வந்த நாட்களில், அதை யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருக்கும். கிடாரைக் கீழே வைத்துவிட்டுக் கதவருகில் போய் நிற்பான். எதிரே கோடவுனின் தகரச் சுவர். திரும்பி வந்து சோறு வடிப்பான்.

வேலிக்கு அந்தப்பக்கம் பொன்னம்மா குடியிருந்தாள். ஆஸ்பத்திரியில் ஆயா, தனியாள். தண்ணீர் வரவில்லை, மாடு உள்ளே வந்துவிட்டது என்பதைத் தவிர இருவரும் பேசிக்கொண்டதில்லை.

ஒரு சாயங்காலம் அவன் வாசித்துக்கொண்டிருந்தபோது கரண்ட் போனது. கிடார் சட்டென்று ஊமையானது. பக்கிரிசாமி தீப்பெட்டி தேடி வெளியே வந்தான். வேலியோரம் குடையோடு பொன்னம்மா நின்றுகொண்டிருந்தாள்.

“அண்ணே, உங்க ரேடியோவும் பந்த் ஆயிடுச்சா?”

“ஆமா. கரண்ட் போயிடுச்சு.”

“அது எந்த ஸ்டேஷன்ணே? டூட்டி முடிச்சு வந்தா தினம் அதைக் கேட்டுக்கிட்டேதான் ரொட்டி போடுவேன். என் ரேடியோல திருப்பித் திருப்பிப் பாக்குறேன், மில்தா நஹி, கெடைக்கவே மாட்டேங்குது.”

 ஏதாவது ஒரு ஸ்டேஷன் பேரைச் சொல்லிவிட்டு உள்ளே போய்விடலாம்தான்.

“ரேடியோ இல்லீங்க. நான்தான் வாசிக்கிறேன்.”

அவள் பார்வை தானாக அவன் வலது கைக்குப் போனது. அவன் அதைப் பைக்குள் வைக்கவில்லை.

“எடது கையாலயே வர்ற மாதிரி ஒரு கிடாருங்க” என்றான்.

“அச்சா” என்றாள் பொன்னம்மா. குடையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டாள். “அப்போ நீங்க வாசிக்கிறது மேல மேல போயிட்டு, கடைசியில கீழ எறங்குமே. இன்னைக்கு மேலயே நின்னுபோச்சு. லைன் வந்ததும் அதை வாசிச்சு முடிச்சிடுங்க.”

“சரிங்க.”

அவள் உள்ளே போனாள். பக்கிரிசாமி விளக்கை ஏற்றி வைத்துவிட்டுக் கிடாரை மடியில் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தான். அன்று கரண்ட் வரவில்லை. இருந்தும், விட்ட இடத்திலிருந்து சத்தமில்லாமல் விரல்களை வைத்து, கடைசி வரை இறங்கிப் பார்த்தான்.