சூப்புக்கு நின்ற வரிசை

ட்ரெவர் ஹாலிவெல் ஓய்வு பெற்ற மறுநாளே சமையலறை டப்பாக்களை எல்லாம் கீழே இறக்கி, அகர வரிசைப்படி அடுக்கி வைத்தார். அன்றைக்கு அவர் மனைவி ஐரீனுக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது. பாவம், மனுஷனுக்குப் பொழுது போகவில்லை, ஒரு வாரம் போனால் சரியாகிவிடுவார் என்று நினைத்தாள். ஒரு வாரம் போனதும் அவர் துணி உலர்த்தும் கொடிக்கு வந்தார். பிறகு பாத்திரம் கழுவும் முறைக்கு. பிறகு டீ எவ்வளவு நேரம் ஊற வேண்டும் என்பதற்கு.

இங்கிலாந்தில் ஹடர்ஸ்ஃபீல்டு பஸ் டிப்போவில் முப்பத்தெட்டு வருஷம் டைம் கீப்பராக இருந்தவர் அவர். கையில் கடிகாரத்தோடு வாசலில் நின்று, இன்ன பஸ் இப்போது கிளம்பலாம் என்று தலையை அசைப்பதுதான் வேலை. இப்போது அதே கடிகாரத்தோடு அடுப்படியில் நின்றார். ஐரீன் முட்டை வேகவைத்தால் பின்னாலிருந்து ஒரு சின்ன இருமல் வரும். நேரமாகிவிட்டது என்று அதற்கு அர்த்தம். வாழ்நாள் முழுக்க யார் தயவும் இல்லாமல் முட்டை வேகவைத்து வந்த ஒருத்திக்கு இதைவிடப் பெரிய அவமானம் கிடையாது.

எட்டு மாதம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு, போய்விடுவது என்று முடிவு செய்தாள். விட்பியில் கடலைப் பார்த்த வீட்டில் அவளுடைய அக்கா பிரெண்டா தனியாக இருந்தாள்.

"வந்துடுடி. மாடி ரூம் சும்மாதானே கெடக்கு. மொதல்ல உன் தையல் மிஷினை அனுப்பி வை. அது வந்துட்டா நீயும் பின்னாலேயே வந்துடுவ," என்றாள் பிரெண்டா ஃபோனில்.

தையல் மிஷின் போய்விட்டது. ரிப்பேருக்குக் கொடுத்திருக்கிறேன் என்று ட்ரெவரிடம் சொல்லியிருந்தாள். அவரிடம் உண்மையைச் சொல்வது ஒன்றுதான் பாக்கி. அதுதான் நடக்கவில்லை. அவர் குடிக்கிறவர் இல்லை, கை நீட்டுகிறவர் இல்லை, வேறு பெண் யாரும் கிடையாது. ஒரு இருமலுக்காகப் புருஷனை விட்டுப் போகிறேன் என்று எந்த வாயால் சொல்வது?

அந்தச் சமயத்தில்தான் ட்ரெவர் கப்பல் டிக்கெட்டோடு வந்து நின்றார். எங்கள் பக்கத்தில் ஓய்வு பெறுகிறவர்கள் முதலில் தோட்டத்தில் கண்ணாடி வீடு கட்டித் தக்காளி வளர்ப்பார்கள். தக்காளி சரியாக வராவிட்டால் நார்வேக்குக் கப்பல் ஏறுவார்கள். ட்ரெவரின் தக்காளி வரவில்லை. நியூகாசிலில் ஏறி நார்வே கரையோரமாகவே வடக்கு முனை வரை போய்த் திரும்பும் கப்பல் அது. வடக்கு முனையில் கப்பல் திரும்புவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று ஐரீன் கெடு வைத்துக்கொண்டாள். திரும்பும் வழியில் அவருக்கு விஷயம் செரிக்க நாள் இருக்கும். கப்பலில் சாப்பாடும் நன்றாக இருக்கும் என்று கேள்வி.

முதலில் நின்ற பெர்கன் துறைமுகத்தில் சொல்லலாம் என்றிருந்தாள். மழை கொட்டித் தீர்த்தது. இரண்டு பேரும் ஒரே குடைக்குள் நின்றுகொண்டு இந்த மாதிரி விஷயத்தைப் பேச முடியாது. கெய்ராங்கரில் நல்ல வெயில். மலை உச்சியிலிருந்து அருவி விழுவதைப் பார்த்துக்கொண்டு ட்ரெவர் வெகுநேரம் கப்பல் தளத்துக் கம்பியைப் பிடித்தபடி நின்றார்.

"இதுக்கு யாரும் டைம் குறிக்கல பாரு கண்ணு. அது பாட்டுக்கு விழுது," என்றார்.

அவர் குரலில் என்னவோ ஒன்று இருந்தது. ஐரீன் திறந்த வாயை மூடிக்கொண்டாள்.

மற்றபடி ட்ரெவர் கப்பலிலும் வேலை தேடிக்கொண்டார். லிஃப்ட் வாசலில் நின்று, எது சீக்கிரம் வரும் என்று வருகிறவர்களுக்குச் சொன்னார். அவர் கப்பல் ஊழியர் என்று நினைத்த ஒரு அம்மாள் தன் காலிக் கோப்பையை அவர் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். அவர் அதைக் கொண்டுபோய் உரிய இடத்தில் சேர்த்துவிட்டு, அன்று முழுவதும் உற்சாகமாக இருந்தார்.

சாப்பாட்டு மேஜையில் அவர்களோடு உட்கார்ந்தவர் மிஸஸ் பெம்பர்டன். இது அவருக்கு முப்பத்தோராவது கப்பல் பயணம்.

"எப்பவும் தனியாத்தான் வருவீங்களா?" என்று ஐரீன் கேட்டாள்.

"எங்க வீட்டுக்காரர் ஜெஃப்ரியும் வந்துக்கிட்டுத்தான் இருந்தார். பதினாலோட நிறுத்திக்கிட்டார்," என்றார் மிஸஸ் பெம்பர்டன். "செத்துட்டார். அந்த உப்பைக் கொஞ்சம் இப்படித் தள்ளுங்க."

கப்பல் ஆர்க்டிக் வட்டத்தைத் தாண்டும் நாள் வந்தது. தாண்டும்போது மேல்தளத்தில் பின்கழுத்தில் ஐஸ் கட்டி போடுவார்கள், அதற்குப் பிறகு சூடாக சூப் தருவார்கள் என்று பேச்சு. ஐஸ் வேண்டாம், சூப் போதும் என்று ஐரீன் படியேறினாள். மேல்தளத்து வராந்தாவில் ஒரு நீண்ட வரிசை நின்றது. அவள் போய்க் கடைசியில் நின்றுகொண்டாள்.

வரிசையைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். எங்கள் ஜனங்கள் வரிசையைக் கண்டால் நின்றுவிடுவார்கள். எதற்கு என்று கேட்பது முந்திக்கொள்ளப் பார்ப்பது போல ஆகிவிடும். நின்ற பிறகு விலகுவது அதைவிட மோசம். முன்னால் நிற்கிறவர்களை முட்டாள்கள் என்று சொல்வதற்குச் சமம். ஹடர்ஸ்ஃபீல்டு தபாலாபீசில் ஒரு தடவை தீ மணி அடித்தது. எல்லோரும் வெளியே ஓடி வந்து, நடைபாதையில் அதே வரிசையில் நின்றார்கள். இரண்டு பேர் மட்டும் இடம் மாறி நின்றார்கள். அவர்களைச் சரியாக நிறுத்தி வைத்தவர் ட்ரெவர்.

கொஞ்ச நேரத்தில் அவரும் அவளைத் தேடிக்கொண்டு வந்து பக்கத்தில் நின்றார்.

"எதுக்கு க்யூ?"

"சூப்புக்குன்னு நெனைக்கிறேன்."

"நல்லாத்தான் நகருது," என்றார் ட்ரெவர், கடிகாரத்தைப் பார்த்து.

முன்னால் நின்ற தம்பதியில் கணவர் கோட்டு மாட்டி, கழுத்தில் வில் டை கட்டியிருந்தார். சூப்புக்கு இவ்வளவு அலங்காரமா என்று ஐரீனுக்குத் தோன்றியது. ஆனால் இந்தக் கப்பலில் காலைச் சாப்பாட்டுக்கே முத்துமாலை போட்டுக்கொண்டு வருகிறார்கள். பின்னால் ஒரு இருபது தம்பதிகள் வந்து சேர்ந்தார்கள். கப்பல் சிப்பந்திப் பெண் ஒருத்தி வரிசையோடு நடந்து வந்து, பெண்கள் கையில் ஆளுக்கொரு ரோஜா கொடுத்தாள்.

"சூப்போட பூவுமா. கவனிப்பு பரவாயில்லையே," என்றார் ட்ரெவர்.

"உங்க மொதல் கல்யாணம் எந்த வருஷம் மேடம்?" என்று அந்தப் பெண் ஐரீனிடம் கேட்டாள். "கேப்டன் அதைச் சொல்லித்தான் ஆரம்பிப்பார். அப்புறம், மறுபடியும் இவரையே கட்டிக்கச் சம்மதமான்னு கேப்பார். நீங்க சம்மதம்னு சொன்னாப் போதும். ஃபோட்டோ நாங்க எடுத்துக்குறோம்."

ஐரீன் வருஷத்தைச் சொன்னாள். கேட்டதற்குப் பதில் சொல்லாமல் இருப்பது மரியாதை இல்லை. அந்தப் பெண் நன்றி சொல்லிவிட்டு அடுத்த தம்பதியிடம் போனாள். இது சூப்புக்கு இல்லை, பழைய தம்பதிகள் கேப்டன் முன்னால் மறுபடியும் கல்யாணச் சம்மதம் சொல்லும் சடங்கு என்று அப்போதுதான் ஐரீனுக்குப் புரிந்தது.

வரிசை இரண்டு அடி நகர்ந்தது. ஐரீனும் நகர்ந்தாள். கண்ணாடிக் கதவுக்கு அப்பால் வெள்ளை உடையில் கேப்டன் தெரிந்தார். ஒவ்வொரு சோடியாகக் கை குலுக்கி அனுப்பிக்கொண்டிருந்தார். சம்மதம் என்று சொன்னால் அது பச்சைப் பொய். சொல்லிவிட்டு அடுத்த வாரம் விட்பிக்குப் பெட்டி கட்ட முடியாது. இல்லை என்றால் இத்தனை பேர் முன்னால் ட்ரெவரின் முகத்தைப் பார்க்க வேண்டும். வரிசையை விட்டு விலகலாம் என்ற யோசனை மட்டும் அவளுக்கு வரவேயில்லை.

"மிஷின் ரிப்பேருக்குப் போகல," என்றார் ட்ரெவர். குரலைத் தாழ்த்தி, கேப்டனைப் பார்த்தபடியே சொன்னார். "எனக்குத் தெரியும் கண்ணு. பிரெண்டா வீட்டுக்குப் போயிருக்கு."

ஐரீன் திரும்பிப் பார்த்தாள். கொடியில் ஒரு கிளிப் இடம் மாறினால் கண்டுபிடித்துச் சொல்கிறவர் அவர். எட்டு மாதத்தில் அவர் பார்த்தும் பேசாமல் இருந்த ஒரே விஷயம் இதுதான்.

"ஏன் கேக்கல?"

"கேட்டா சொல்லிடுவியே."

வரிசை மறுபடியும் நகர்ந்தது. இந்த முறை ட்ரெவர் நகரவில்லை. அவர் காது இரண்டும் சிவந்துவிட்டன. கையைத் தூக்கி, தொண்டையைச் செருமிக்கொண்டு, வரிசை முழுவதையும் பார்த்துப் பேசினார்.

"மன்னிக்கணும். நாங்க தெரியாம இதுல நின்னுட்டோம். தப்பு எம்மேலதான். கொஞ்சம் வழி விடுங்க."

வராந்தாவில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். யாரோ ஒருவர் கைக்குட்டையைக் கீழே போட்டார். ட்ரெவர் ஐரீனின் முழங்கையைப் பிடித்து, வரிசையை விட்டு வெளியே கூட்டி வந்தார். அறுபத்தெட்டு வயதில் அவர் முதல் முறையாகச் செய்த காரியம் அது. தீ மணி அடித்தபோதுகூடச் செய்யவில்லை.

திறந்த தளத்தில் காற்று முகத்தில் அறைந்தது. வெயில் இருந்தும் உபயோகம் இல்லை. இருவரும் கம்பியோரம் நின்றார்கள்.

"நீ போ," என்றார் ட்ரெவர். "விட்பி நல்ல ஊரு. மீன் நல்லா இருக்கும்."

"உன்மேல எனக்கு வெறுப்பெல்லாம் இல்ல ட்ரெவர். ஆனா நீ பின்னால நின்னு இருமுற பாரு, அந்த நேரத்துல கையில இருக்குற சட்டியால ஒரு போடு போடலாமான்னு இருக்கும்."

"தெரியும். ரெண்டு தடவை நீ சட்டியைத் தூக்குனப்ப நானே தள்ளி நின்னேன்." அவர் கடிகாரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "டிப்போவுல நான் தலையை ஆட்டாம ஒரு பஸ் கெளம்பாது கண்ணு. வீட்ல நான் ஆட்டாமலே எல்லாம் கெளம்புது. அதை வேடிக்கை பாத்துக்கிட்டு சும்மா உக்கார எனக்குத் தெரியல. பயமா இருக்கு."

அவர் பயம் என்ற வார்த்தையைச் சொல்லி ஐரீன் கேட்டதே இல்லை. அவள் கடலைப் பார்த்தாள். விடிவதற்கு முன்னால் சாப்பாட்டு டப்பாவோடு கிளம்பி, இருட்டிய பிறகு வந்த ஒரு மனிதரோடு அவள் முப்பத்தெட்டு வருஷம் குடித்தனம் நடத்தியிருக்கிறாள். அந்த மனிதர் வாசலில் ஷூவைக் கழற்றும் சத்தம் கேட்டால் அவளுக்குச் சந்தோஷமாக இருக்கும். பகல் முழுவதும் வீட்டில் இருக்கும் இந்த ஆளை அவளுக்கு எட்டு மாதமாகத்தான் பழக்கம்.

"ட்ரெவர், இத்தனை வருஷம் நீ வேலைக்குப் போன. நான் வீட்ல இருந்தேன். நல்லாத்தானே இருந்தோம்?"

"நல்லாத்தான் இருந்தோம்."

"சரி, வா."

"எங்க?"

"வரிசைக்கு."

நின்ற இடத்துக்கே போக முடியாது, அது அநியாயம். இருவரும் போய் வரிசையின் கடைசியில் நின்றார்கள். வில் டைக்காரர் ஏற்கெனவே உள்ளே போயிருந்தார். ட்ரெவர் கடிகாரத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். சற்று நேரத்தில் மிஸஸ் பெம்பர்டன் வந்து அவர்களுக்குப் பின்னால் நின்றார்.

"சூப்புக்குத்தானே?"

"இல்லைங்க, இது கல்யாணத்துக்கு," என்றார் ட்ரெவர்.

"அப்படியா." மிஸஸ் பெம்பர்டன் முன்னும் பின்னும் பார்த்தார். "நின்னாச்சு. இருந்துட்டே போறேன்."

அவர்களுடைய முறை வந்தபோது கேப்டனுக்குக் கை குலுக்கிக் குலுக்கி அலுத்திருந்தது. நார்வேக்காரர், முகத்தில் எதையும் காட்டாதவர். வருஷத்தைச் சொன்னார், ஐரீனைப் பார்த்தார், இந்த மனிதரை மறுபடியும் கணவராக ஏற்க அவளுக்குச் சம்மதமா என்று கேட்டார்.

ஐரீன் ரோஜாவை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"வெள்ளிக்கெழம சாயந்தரத்துலேர்ந்து திங்கக்கெழம காலை வரைக்கும், சம்மதம்," என்றாள். "மத்த நாள் நான் விட்பியில இருப்பேன். வேலைக்குப் போற மாதிரி."

ஃபோட்டோ எடுக்க வந்தவன் கேமராவை இறக்கினான். கேப்டன் முகம் மட்டும் அப்படியே இருந்தது. மெதுவாக ட்ரெவர் பக்கம் திரும்பி, அவருக்குச் சம்மதமா என்று கேட்டார்.

ட்ரெவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு, பஸ் நேர அட்டவணையில் ஓட்டை கண்டுபிடித்தவர் போல நிமிர்ந்து நின்றார்.

"திங்கக்கெழம பேங்க் லீவா, ஊருக்கே லீவா இருந்தா?"

பின்னால் நின்ற மிஸஸ் பெம்பர்டன், நியாயமான கேள்வி என்றார்.

ஐரீன் யோசித்தாள். வரிசையில் யாரும் அவளை அவசரப்படுத்தவில்லை.

"செவ்வாக்கெழம காலைல கெளம்பறேன்," என்றாள். "முட்டை மட்டும் நீ வேகவை."